புதுப்பிப்பு: மேலூர் குண்டு ஆலையின் வேகச் சிக்கல்

மேலூருக்கு அருகே உள்ள எங்கள் ஆலையில், சுழலும் உருளைக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு விழுந்து குவார்ட்ஸ் என்னும் கடினக் கல்லைத் தூளாக அரைக்கின்றன. அந்தத் தூள் கரகரப்பாகவே வருகிறது, உருளையின் உட்சுவரைக் காக்கும் உள்தகடுகளும் விரைவில் தேய்கின்றன என்று சென்ற மாதம் இதே இழையில் எழுதியிருந்தேன். முதலில் சுழற்சி வேகத்தை அளந்து பாருங்கள் என்று நண்பர் ஒருவர் கூறியதே சரியாக அமைந்தது.

உருளையின் உள்விட்டம் 1.5 மீட்டர், பெரிய குண்டின் விட்டம் 60 மில்லிமீட்டர். இவற்றின் வேறுபாடான 1.44-இன் வர்க்கமூலத்தால் 42.3 என்னும் மாறிலியை வகுத்தால், குண்டுகள் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் மாறுநிலை வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 சுற்று என்று கிடைக்கிறது. நாங்கள் ஓட்டியதோ 33 சுற்று. வழக்கமாக மாறுநிலை வேகத்தில் 65 முதல் 80 விழுக்காட்டுக்குள் ஓட்ட வேண்டிய ஆலையை இவ்வளவு விரைவாக ஓட்டியதால், குண்டுகள் கல்லின்மேல் விழாமல் எதிர்ச்சுவரில் நேரே மோதித் தகட்டைச் சிதைத்திருக்கின்றன. வேகம் கூடினால் அரவையும் கூடும் என்னும் நம்பிக்கை எங்கள் வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மோட்டார்ப் புல்லியைச் சிறியதாக மாற்றி 26 சுற்றுக்குக் குறைத்தோம். குண்டுகளையும் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு உயர்த்தினோம். கணகணவென்ற உலோக ஓசை அன்றே அடங்கியது. தூளும் இப்போது சல்லடையில் நன்றாக இறங்குகிறது.

எஃகுக் குண்டுகள் தேய்ந்து வெண்தூளில் இரும்பு கலப்பது மட்டும் தீரவில்லை. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் 7 ஆகிய குவார்ட்ஸிடம் எஃகு தேயாமல் இராது. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) என்னும் பீங்கான் வகைக் குண்டுகளுக்கு மாறலாம். ஆனால் அவற்றின் அடர்த்தி எஃகில் பாதிக்கும் குறைவு என்பதால் அரவை நேரம் நீளும். அடுத்த மாதம் உள்தகட்டையும் சேர்த்து மாற்றிப் பார்க்கவிருக்கிறோம்.