பொருள்: ஆட்டிஃபிஷல் லைஃப் – செயற்கை உயிரா, செய்யுயிரா?

கிளிநொச்சி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் ஐசிடி (உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடம்) கடைசி அலகு நோட்ஸ் வெள்ளிக்கிழமை போட்டோக்கொப்பிக்குக் குடுக்கோணும். அதில ஆட்டிஃபிஷல் லைஃப் எண்டு ஒரு பகுதி, உயிர் நடக்கிற மாதிரியைக் கணினியில செய்து பாக்கிறது. "செயற்கை உயிர்" எண்டு போட்டா பிள்ளையள் உடன குளோனிங் ஆட்டைத்தான் நினைக்குதுகள். வகுப்பில கணிதக்காரர் கான்வே 1970ல குடுத்த கட்ட விளையாட்டைச் செய்விச்சனான். நிழலடிச்ச கட்டம் உயிர், அடிக்காதது வெறுங்கட்டம். உயிர்க்கட்டத்தைச் சுத்தியிருக்கிற எட்டுக் கட்டத்தில ரெண்டோ மூண்டோ உயிர் இருந்தா அது தப்பும், வெறுங்கட்டத்தைச் சுத்திச் சரியா மூண்டு இருந்தா அதில பிறக்கும், மிச்சமெல்லாம் சாவு. சதுரக்கொப்பியில ஒரு குறிப்பிட்ட வடிவத்தில அஞ்சு கட்டத்தை நிழலடிச்சு நாலு தரம் மாத்தினா அதே வடிவம் மூலைப்பக்கமா ஒரு கட்டம் நகர்ந்திருக்கு, பிள்ளையள் கத்திப்போட்டுதுகள். இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

புதுக்குடியிருப்பு ஐயா:
பிள்ளை, "செய்யுயிர்" எண்டு எழுதுங்கோ. வினைத்தொகை, மூண்டு காலமும் அடங்கும். தனிக்குறில் முன் ஒற்று உயிர் வந்தா இரட்டும், அதால "செய்உயிர்" எண்டு எழுதப்படாது. தொல்காப்பியர் உயிரை அறிவாலதான் பிரிச்சவர், உடம்பு எதால ஆனதெண்டு பாக்கேல்ல. "சிதலும் எறும்பும் மூவறி வினவே". சிதல் எண்டது கறையான். சிதல், செதல், செல் எண்டு தேஞ்சுதான் "செல்லரிச்ச" கொப்பி வந்ததெண்டது என்ர எண்ணம்.

வவுனியா தம்பி:
ஐயா, அந்த எறும்புதான் எனக்கும் வேணும். கணினி ஆராய்ச்சியாளர் மார்க்கோ டொரிகோ 1992ல எறும்பைப் பாத்துத்தான் வழி தேடுற அல்கோரிதத்தை, அதாவது கணினிக்கான படிமுறையை எழுதினவர். எறும்பு போற வழியில வாசம் விட்டிட்டுப் போகும், கிட்டின வழியால கெதியாப் போய்வரலாம் எண்டதால அதில வாசம் கூடும், பின்னால வாறதுகளும் அதிலயே போகும், நீட்டு வழியில வாசம் காய்ஞ்சுபோகும். முழுப்பாதை ஒரு எறும்புக்கும் தெரியாது, அறிவு கூட்டத்திலதான் இருக்கு, அப்ப ஒண்டொண்டா மூவறிவு எண்டு எண்ணுறது இங்க பொருந்தாது. கணினி விஞ்ஞானி லாங்டன் 1987ல அமெரிக்காவில லொஸ் அலமோசில ஆட்டிஃபிஷல் லைஃப் மாநாட்டைக் கூட்டினதும் இருக்கிற உயிரோட நிக்காமல் இருக்கக்கூடிய உயிரையும் ஆராயத்தான். என்ர வாக்கு "செயற்கை வாழ்வு". வாழ்வு எண்டா நடக்கிற ஒண்டு.

மாங்குளம் சேர்:
"செயற்கை வாழ்வு" எண்டா பிள்ளை நாகரிக வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதும். சோதினை மண்டபத்தில தனிய இருக்கிற பிள்ளைக்கு விளங்கோணும். செயற்கை நுண்ணறிவுக்குப் பக்கத்தில செயற்கை உயிர் வடிவாப் பொருந்தும், அதையே விடுங்கோ.

கிளிநொச்சி ரீச்சர்:
கனபேர் "செயற்கை உயிர்" எண்டுதான் எனக்குத் தனியவும் எழுதியிருக்கினம். அதையே போடுறன், கீழ கான்வேயின்ர கட்டத்தையும் கீறிவிடுறன், அப்ப ஆடு வராது.

புதுக்குடியிருப்பு ஐயா:
போடுங்கோ பிள்ளை, நான் சம்மதிக்கேல்ல. தம்பி சொன்ன கூட்டத்து அறிவுக்கும் பேர் வேணும், அதுக்கு "திரள்" எண்டு போடாதேங்கோ. எறும்பு மொய்க்கிறது, "மொய்யறிவு". வெள்ளிக்கு முதல் அதையாவது கதைப்பம்.