புதுப்பிப்பு: மகனின் ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளி சான்று, கடலூர்

தனியார் தெரபி கட்டணம் கட்டி மாளவில்லை, அரசு வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் அரசு மையம், DEIC) நேராகப் போகச் சொன்னவரின் யோசனை. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணமில்லை. பேச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

சான்றுக்கு 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ (ISAA) என்ற ஆட்டிச அளவுகோலில் மதிப்பிட்டார்கள். வீட்டில் எடுத்த வீடியோக்களைக் காட்டியது உதவியது. புது இடத்தில் இவன் வாயே திறக்க மாட்டான். சான்று வந்ததும் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபி செலவும் இதில் சேரும். ஆனால் முதலில் கைக்காசு போட்டு, பிறகு பில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

எதிர்பாராதது: மூத்த மகளுக்கு ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு). 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளின் பட்டியலில் அது இல்லை, அதனால் அதற்கென்று தனிச் சான்று கிடையாதாம். இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அரசு மனநலப் பிரிவில் சிகிச்சை மட்டும் நடக்கிறது. அப்புறம், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அதை இங்கே யாரும் சொல்லவில்லை, மையத்தில் வரிசையில் நின்ற ஓர் அம்மா சொன்னார்.