முகம் நிறைந்த படங்கள்: எங்கே வெட்டுவது, எந்த வெளிச்சம், எந்த நிறம்?

மேலூர்ப் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணம். சடங்கெல்லாம் முடிந்த பிறகு, வீட்டு அப்பத்தாவைத் தனியாக ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். நல்ல கறுப்பு, முகம் முழுக்கச் சுருக்கம், காதில் தோளைத் தொடுகிற தண்டட்டி. இப்படி ஒரு முகத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

பேரன் ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் நாற்காலி போட்டுவிட்டான். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். "அப்பத்தா, திண்ணைக்கு வந்துருங்க" என்றேன். அங்கே நேர் வெயில் இல்லை, தெரு வெளிச்சம் மட்டும். தெருவுக்கு நேராக உட்கார வைக்காமல் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னம் மெல்ல இருட்டுக்குள் இறங்கியது. சுருக்கம் ஒவ்வொன்றும் எழுந்து வந்தது. இருட்டுப் பக்கம் ஒரேயடியாக அடைந்துபோகாமல் இருக்க, மடித்த வெள்ளை வேட்டியைப் பேரன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். தெர்மாகோல் அட்டை இருந்தால் இன்னும் நல்லது. பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் தள்ளி வந்துவிடுங்கள். தாடைக்கு அடியில் பச்சை ஏறினால் எடிட்டிங்கில் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த முகம் பிரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளிற வைக்கும். அதே முகத்துக்குக் கீழே வெள்ளைச் சேலை பாதிப் பிரேமை அடைத்திருந்தால் கதை தலைகீழ், முகம் கரியாகிவிடும். நான் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து, அது சொன்னதைவிட ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்து எடுத்தேன்.

வெட்டுவதில் என் கணக்கு இது: நெற்றிக்கு மேலே முடி வெட்டுப்பட்டால் யாரும் கவனிப்பதில்லை. தாடை வெட்டுப்பட்டால் உடனே உறுத்தும். தண்டட்டி உள்ளே வந்தால் முழுதாக வரவேண்டும், இல்லையென்றால் காதோடு வெளியே போகவேண்டும். பாதித் தண்டட்டி மட்டும் கூடாது.

பேரன் கடைசியில் காதோரம் வந்து, "கொஞ்சம் கலராக்கிக் குடுங்கண்ணே" என்றான். சரி என்று லேப்டாப்பில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றிக் காட்டினேன். அப்பத்தா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இது யாரு, சின்னாத்தாளா?" என்றார். பேரன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

* * *

அண்ணே, அருமை. நான் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், என் பாடு வேறு. படமெடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே கைப்பையைத் திறந்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்வார்கள். கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கும். பிளாஷ் அடித்தால் முகம் சாம்பல் பூத்து, கழுத்து மட்டும் சொந்த நிறத்தில் தனியாக நிற்கும். டிஷ்யூ கொடுத்து மெதுவாக ஒற்றச் சொல்வேன், நெற்றி எண்ணெயும் அதோடு போகும். முழு மினுக்கையும் எடுக்கவிட மாட்டேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த மெல்லிய மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. அது வெளிச்சத்தைப் பரப்பிவிடும் பெரிய சாஃப்ட்பாக்ஸிலிருந்து வந்தால் கன்னத்தில் பரவும், சின்ன பிளாஷிலிருந்து வந்தால் புள்ளியாகத் தெறிக்கும். மஞ்சள் பூசி வருகிற அம்மாக்களுக்கு முகத்தைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) வைக்காதீர்கள். மஞ்சளைக் குறைக்கப் போய் வேட்டி, சேலை எல்லாம் நீலமாகிவிடும். சாம்பல் நிற அட்டையை ஒரு படத்தில் பிடிக்க வைத்து, அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

* * *

பிலிம் காலத்தில் கலர் லேபில் பிரிண்ட் போட்டவன் நான். முகத்தை வெளுக்க வைக்கும் ஆசை அப்போதே உண்டு. டென்சிட்டியை, அதாவது பிரிண்டின் அடர்த்தியை, குறைத்துப் போடச் சொல்வார்கள். முகம் வெளுக்கும், கூடவே பட்டுச்சேலை ஜரிகையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

பிலிமும் நமக்காகச் செய்ததல்ல. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய, நிறம் சரிபார்க்கும் மாதிரிப் படமான ஷெர்லி கார்டில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருக்கும். அது சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்களில் விவரம் வருவதில்லை என்ற குறை நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்கிறவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமில் பழுப்பு நிறங்கள் தேறின. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருந்த கார்டு வர 1990கள் ஆகிவிட்டது.

* * *

என்னிடம் போன்தான் இருக்கிறது அண்ணா. அம்மாவைக் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, "என்னடா இது மூக்கு" என்று திட்டுகிறார்.

* * *

தம்பி, மூக்கு பெருப்பது நீ நிற்கிற தூரத்தால். கையெட்டும் தூரத்தில் நின்றால் காதைவிட மூக்கு லென்ஸுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. ஐந்தாறு அடி பின்னால் வா, 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் எடு, இல்லாவிட்டால் அப்புறம் கிராப் செய்துகொள். அங்கேயே பியூட்டி மோடை அணைத்துவிடு, பல போன்களில் அது கேட்காமலே போட்டிருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அம்மாவின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம் சின்னதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்து. மூக்குத்தி கண்ணைக் கூசுகிற மாதிரி அடித்தால் தலையைத் துளி திருப்பச் சொல், அவ்வளவுதான்.