மடற்குழு இழை: ‘ரீஃப்ளோ’வுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

நண்பர்களுக்கு வணக்கம்.
மின்னூல் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளியன்று ஒப்படைக்க வேண்டும். ‘ரீஃப்ளோ’வில் வந்து நிற்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினாலோ திரையைத் திருப்பினாலோ வரிகள் தாமே மடிந்து புதிதாக அமைகின்றனவே, அதுதான். இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பில் இது நடக்கும். பிடிஎஃப் கோப்பில் பக்கம் அச்சிட்டபடியே நிற்கும். ‘மறுபாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்கால் நினைவுதான் வருகிறது. ஒரு பொத்தானிலும் இது வர வேண்டும், அதனால் வினையாகவும் ஆள முடிய வேண்டும்.
— செ.

அன்புள்ள செ.,
சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று அமையும் முறையைச் சூத்திரநிலை என்பார்கள்; நன்னூல் சொல்லும் சூத்திரநிலை நான்கில் முதலாவது ஆற்றொழுக்கு, ஆற்றுநீர் போல் தொடர்ந்து செல்வது. அதை ஒட்டி ‘மீளொழுக்கு’ என்று வைக்கலாம். ஒழுகு என்னும் வேர் நீருக்கும் நடத்தைக்கும் வரிசைக்கும் பொதுவானது. புறநானூறு 173இல் எறும்புகள் சாரை சாரையாகப் போவதைச் ‘சில்லொழுக்கு’ என்கிறார் புலவர். எழுத்துகள் வரிசையாக நகர்ந்து இடம் மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? நூல், இழை, பனுவல் எல்லாமே நெசவோடு சேர்ந்தவை; தறியின் நெடுக்கு நூலான ‘பாவு’ என்ற சொல்லையும் பார்க்கலாம். அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
— வே.

வே. ஐயா,
எறும்பு உவமை அருமை. ஆனால் இன்று ஒழுக்கு என்றால் கூரை ஒழுகுவதுதான் மனத்தில் வரும். வகுப்பில் நிற்பவளாகச் சொல்கிறேன், ‘ரீஃப்ளோ’ என்றே போட்டுவிடலாம். என் கவலை வேறு: வரிகள் இப்படி மடிவதால் பக்க எண் போய்விட்டது. ‘நாற்பதாம் பக்கம் எடுங்கள்’ என்றால் ஆளுக்கோர் இடத்தில் நிற்கிறார்கள். நீங்கள் புறம் 173 என்றீர்கள், எந்தத் திரையிலும் அது 173தான். உரைநடைக்கும் பத்தி எண் கொடுக்கும் பழக்கம் வந்தாக வேண்டும்.
— ம.

அம்மா,
‘ரீஃப்ளோ’ என்று எழுதினால் வாசிக்கலாம், ஆனால் அதிலிருந்து இன்னொரு சொல் முளைக்காது. இதைத்தான் இருபது ஆண்டாகச் சொல்லி வருகிறேன்.
— வே.

அனைவருக்கும்,
நான் ‘நெகிழ்வரி’யை முன்வைக்கிறேன். வினைத்தொகை, நெகிழ்ந்த, நெகிழ்கின்ற, நெகிழும் என முக்காலத்துக்கும் பொருந்தும். வரி என்பதை வேண்டுமென்றே எடுத்தேன். வரி வேறு, அடி வேறு. முதல் குறளைக் கைப்பேசியில் பெரிய எழுத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஆதி’ தனியே கீழே விழுகிறது. கண்ணுக்கு அகரவும் ஆதியும் வரித்தொடக்கமாகிவிட, அகர–பகவன் எதுகை மறைந்து போகிறது. ஆனால் அடி எங்கும் போகவில்லை, அது புலவர் கட்டியது. வரி மட்டும்தான் திரையின் அகலத்துக்கு ஏற்ப மடிகிறது. ஓலையிலும் இப்படித்தான். பாட்டை அடி பிரிக்காமல் ஓலை முடியும் வரை எழுதிக்கொண்டே போனார்கள், படித்தவர் யாப்பைக் கொண்டு அடியைக் கண்டுபிடித்தார். அச்சு வந்த பிறகுதான் வரியும் அடியும் ஒன்று என்று நம் கண் பழகிவிட்டது.
— நா.

நா. சொன்ன வேறுபாடு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டதே? மாணவர்கள் அங்கேதான் போவார்கள்.
— ம.

போகட்டும், வந்துவிடுவார்கள். இன்னொன்று: ‘நெகிழ்ப்பக்கம்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நெகிழ்பக்கம்தான்.
— நா.

நண்பர்களே,
நாளை வெள்ளி. தனி மடல்களையும் சேர்த்தால் ‘நெகிழ்வரி’க்கு ஆதரவு கூடுதல். அதையே வைக்கிறேன். பொத்தானில் ‘வரியை நெகிழ்த்து’. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ரீஃப்ளோ’ என்று அடைப்புக்குறிக்குள் தருகிறேன், ம. அம்மாவுக்காக.
— செ.

செ.,
நெகிழ்த்துதல் என்றால் தளர்த்துதல். இங்கே எதுவும் தளரவில்லை, வரிசை மாறுகிறது. என் மறுப்பு இழையில் இருக்கட்டும். அப்புறம், செய்யுளை மடிக்காதே என்று கருவிக்குச் சொல்லும் இன்னொரு பொத்தான் இருக்குமே, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?
— வே.