மூக்குப்பீறி வீட்டு குரூப்: முதல் ஓலைக்கு (கோயிலில் வாசிக்கும் கலியாண அறிவிப்புக்கு) முந்தின ராத்திரி

ஜெபா: 📷 கோயில்ல குடுத்த ஃபாரத்தப் பாருங்க. அத்தானுக்கு நேரா பேச்சிலர். எனக்கு நேரா ஸ்பின்ஸ்டர்!!

செல்வின்: அப்படின்னா?

ஜெபா: கூகுள்ல முதிர்கன்னின்னு போட்டிருக்கு. எனக்கு 26 😡

செல்வின்: கெழவி 😂

கிறிஸ்டி சித்தி: நாளைக்கு ஓலைல இப்படியா வாசிப்பாங்க

எட்வின் பெரியப்பா: அனைவருக்கும் ஸ்தோத்திரம். பதற வேண்டாம். ஸ்பின் என்றால் நூற்பது. ஸ்டர் என்பது பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெய்கிறவள் வெப்ஸ்டர், பீர் காய்ச்சுகிறவள் புரூஸ்டர். 14ஆம் நூற்றாண்டில் ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்கிறவள், அவ்வளவே. பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் தொழிலையும் எழுதுவார்கள். கலியாணமாகாத பெண்கள் பலருக்கு நூற்பே பிழைப்பு. 17ஆம் நூற்றாண்டில் அந்தத் தொழிற்பெயரே மணமாகாதவள் என்ற சட்டச் சொல்லாயிற்று. ஏளனம் ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகுதான். (தொடரும்)

மோசஸ் மாமா: வேன் ரெண்டா மூணா?

கிறிஸ்டி சித்தி: மூணு

மோசஸ் மாமா: நாசரேத்துக்காரங்க தனியா வந்தா ரெண்டு போதும்லா

எட்வின் பெரியப்பா: (2) நம் ஃபாரம் 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் வழி வந்தது. அதன் மாதிரிப் படிவத்தில் மார்த்தா கிரீன் என்றொரு பெண். அவளும் ஸ்பின்ஸ்டர்தான். இங்கிலாந்துப் பதிவேடுகளில் 2005இல் இதை எடுத்துவிட்டு சிங்கிள் என்று ஆக்கிவிட்டார்கள்.

செல்வின்: வெள்ளக்காரனே விட்டுட்டான். நாம விடுவோமா

எட்வின் பெரியப்பா: (3) நம்மிடமும் உண்டு. நற்றிணை 353ஆம் பாட்டில் கபிலர், 'ஆளில் பெண்டிர்' நூற்ற நுண்ணிய நூலை மலைமேல் மேகத்துக்கு உவமை சொல்கிறார். ஆண் துணை இல்லாத பெண்டிர்.

ரூபி அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வின்: அத்தை என்ன போட்டீங்க

ஜெபா: நான் பாத்துட்டேன் 🙊

ரூபி அத்தை: சரி திருப்பியே போடுதேன். நூல் மில்லுல 18 வருசம் ரிங் ஃபிரேம் மெஷின் பாத்தவ நான். இழை அறுந்தா மெஷின நிறுத்தாம ஒட்டணும். இப்பவும் வெரல்ல தழும்பு இருக்கு. எனக்கு நூற்பு பாடம் எடுக்கான். ஏ எட்வினு, உன் எம்.ஏ. ஃபீஸ யாரு கட்டுனா?

எட்வின் பெரியப்பா: அக்கா நான் உன்னச் சொல்லலக்கா

ரூபி அத்தை: ஆளில் பெண்டிர்னு யாரச் சொன்ன பின்ன

எட்வின் பெரியப்பா: கபிலர் சொன்னதுக்கா

கிறிஸ்டி சித்தி: பிள்ளைய கெழவின்னு சொன்னா சிரிக்காங்க. பெரியவங்க பேச்ச எடுத்தா எல்லாரும் கம்முனு ஆயிருதாங்க

மோசஸ் மாமா: அந்தப் பழைய கதைய இப்ப எதுக்கு. மட்டன் பிரியாணி முடிவாயிட்டா?

ஜெபா: எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அன்மேரிட்னு மாத்தச் சொல்லவா?

எட்வின் பெரியப்பா: கேட்பதில் தவறில்லை. ஆனால் ஃபாரம் அச்சடித்தது.

ஜெபா: உபதேசியார் ஃபோன எடுக்க மாட்டேங்காரு

ரூபி அத்தை: காலைல மொத மணிக்கே நான் கோயிலுக்குப் போயிருவேன். பாஸ்டர் ஐயர்ட்ட நான் பேசுதேன். பேனா கொண்டு வாட்டி

எட்வின் பெரியப்பா: அக்கா அடிச்சுத் திருத்தக் கூடாது

ரூபி அத்தை: 👍

மோசஸ் மாமா: வேன்காரன் லைன்ல இருக்கான். ரெண்டா மூணா