செம்பியைக் கூப்பிடும் சத்தம்

குழு: பாம்பன் வீடு

ஞாயிறு

மதினி 7:42
எல்லோரும் இதைக் கொஞ்சம் பாருங்கள். இன்று காலை நம் நாய் செம்பி என் உயிரையே எடுத்துவிட்டாள். தென்கடல் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார்கள். கையை உதறிக்கொண்டு அங்கே ஓடினாள். கழித்துப் போட்டதில் ஒரு பேத்தை மீன் கிடந்தது. அதைக் கவ்விவிட்டாள்.

பெரிய மாமா 7:44
விழுங்கிவிட்டதா தாயி?

மதினி 7:45
இல்லை மாமா. வலைக்காரர் ஒருவர் கையைத் தட்டி விரட்டினார். அந்தச் சத்தத்தில் கீழே போட்டுவிட்டாள். நான் பத்துத் தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை இன்னும் நடுங்குகிறது.

பெரிய மாமா 7:49
வாயைக் கழுவிவிடு. பேத்தையை லேசாக நினைக்காதே. ஈரல், சினை, தோல் எல்லாம் விஷம். வேக வைத்தாலும் காய வைத்தாலும் போகாது. மனிதனுக்கே உதடு மரத்து, அப்புறம் கை கால் விழுந்து, கடைசியில் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்தே கிடையாது. வாந்தி, தள்ளாட்டம் எது தெரிந்தாலும் உடனே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

மதினி 8:05
கழுவிவிட்டேன் மாமா. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நன்றாக இருக்கிறாள்.

சின்னம்மா 8:11
கட்டிப் போட்டு வளர்த்தால் இந்த வம்பு உண்டா?

மதினி 8:12
முழு நாளும் கட்டினால் ஊளையிடுகிறாள் சின்னத்தை. சிப்பிப்பாறைக் கலப்பு. ஓடாமல் இருக்க முடியாது அவளால்.

நான் 8:30
மதினி, இப்போதுதான் பார்த்தேன். ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். கடைசியில் நீங்கள் பிடித்தீர்களா, அவளே வந்தாளா?

மதினி 8:31
அவளேதான் வந்தாள். வாலை மடக்கிக்கொண்டு வந்தாள். பயத்தில் முதுகில் இரண்டு போட்டுவிட்டேன்.

நான் 8:36
உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த அடி பேத்தைக்கு என்று அவளுக்குத் தெரியாது. கடைசியாக அவள் செய்தது உங்களிடம் வந்ததுதான். வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் மனதில் நிற்கும். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் எதற்கெல்லாம் "செம்பி" என்று கத்துகிறோம்? குளிப்பாட்ட, கட்ட, திட்ட. கரையில் கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது, சங்கிலி மாட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். எந்த நாய் வரும்?

பெரிய மாமா 8:40
மருமகன் சொல்வது சரிதான். அதோடு இந்த வாடைக்காற்றில் குரல் கேட்கவும் செய்யாது. முன்னால் நிற்கிற ஆளுக்கே கேட்காது.

நான் 8:44
அதனால் புதிதாக ஒரு சத்தம் வைத்துக்கொள்வோம். பாப்பாவின் விளையாட்டு விசில் இருக்கிறதே, அதில் இரண்டு சின்ன ஊது. அதை வேறு எதற்கும் ஊதக் கூடாது. ஊதினால் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வேறு எப்போதும் கிடைக்காத ஒன்று கிடைக்க வேண்டும். உப்புப் போடாமல் அவித்த சூடை மீன், முள் எடுத்தது. கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது.

சின்னம்மா 8:46
நமக்கே சூடை கிடைக்காத நாளில் நாய்க்கு முள் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாயா ராசா?

நான் 8:50
விரல் நகம் அளவு போதும் சின்னம்மா. ஒரு மீனை இருபது துண்டு ஆக்கலாம்.
மதினி, இந்த வாரம் அடுப்படியில் மட்டும். அவள் சும்மா நிற்கும்போது ஊதுங்கள், உடனே கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. விசில் கேட்டதும் தலை தானாகத் திரும்ப ஆரம்பித்தால் முற்றத்துக்குப் போங்கள். அப்புறம் தெரு. கரைக்கு இப்போது அவிழ்த்துவிட வேண்டாம். வராத இடத்தில் ஊதி ஊதி அந்தச் சத்தத்தையும் வீணாக்கிவிடுவோம்.

மதினி 8:52
கரைக்கே போகக் கூடாதா தம்பி?

நான் 8:58
போகலாம், நீளக் கயிற்றோடு. ஐந்து பாகம், அதாவது சுமார் முப்பது அடி, பருத்திக் கயிறு எடுங்கள். நைலான் கையை அறுத்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, அவள் பாய்ந்தால் விரல் போய்விடும். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், நெஞ்சுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேட்டை நாய்கள் சில பாய்ச்சலிலேயே முழு வேகம் எடுத்துவிடும். கயிறு தீரும் இடத்தில் கழுத்து சுண்டினால் எலும்புக்கே ஆபத்து.

அண்ணன் 13:20
இப்போதுதான் படகில் இருந்து இறங்கினேன். செம்பி எப்படி இருக்கிறது?

மதினி 13:22
தூங்குகிறாள். மதியம் சோறும் தின்றாள்.

வியாழன்

மதினி 18:15
தம்பி, அடுப்படியிலும் முற்றத்திலும் அம்பு மாதிரி வருகிறாள். ஆனால் தெருவில் ஆட்டைக் கண்டால் காது கேட்கவில்லை. மூன்று தடவை ஊதினேன்.

நான் 18:27
ஒரு தடவைக்கு மேல் ஊதாதீர்கள் மதினி. மூன்றாவது ஊதலுக்கு வந்தால் போதும் என்று அவள் கற்றுக்கொள்வாள். வராவிட்டால் நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள். நாம் துரத்தினால் அவளுக்கு அது பந்தயம். நாம் ஓடினால் அவள் துரத்துவாள். ராஜபாளையத்தில் என் நாயை முதல் மாதம் முழுக்க அப்படித்தான் கொண்டுவந்தேன்.
ஆட்டு விஷயத்தில் முகத்தைக் கவனியுங்கள். இது கண்ணால் வேட்டையாடுகிற இனம். முதலில் காது இரண்டும் நிமிரும், வாய் மூடும், ஒரு முன்னங்கால் லேசாகத் தூக்கும். அந்த நொடியில் ஊத வேண்டும். கால் கிளம்பிவிட்டால் நம் சத்தம் அவளுக்குள் போகாது.

மதினி 18:31
ஆமாம்! அந்தக் காலைத் தூக்குவாள். பார்த்திருக்கிறேன், அர்த்தம் தெரியவில்லை.

நான் 18:33
வந்ததும் முதலில் பட்டையைப் பிடியுங்கள், அப்புறம் மீன். இல்லாவிட்டால் மீனை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடப் பழகிவிடும். ஐந்தில் நாலு தடவை பட்டையை விட்டுவிட்டு மறுபடி விளையாட அனுப்புங்கள்.

நான்கு வாரம் கழித்து, ஞாயிறு

மதினி 6:58
தம்பி இருக்கிறீர்களா? தென்கடலில் நிற்கிறேன். கயிறு தரையில் கிடக்க, கொக்குக் கூட்டத்தைப் பார்த்து அந்தக் காலைத் தூக்கினாள். ஒரே தடவை ஊதினேன். கழுத்து மட்டும் என் பக்கம் திரும்பியது. ஒரு நொடி கொக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மண்ணைச் சிதறடித்துக்கொண்டு வந்துவிட்டாள்!! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் 7:01
நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன். உண்மைதான்.

பெரிய மாமா 7:03
நல்லது தாயி. ஆனால் கயிற்றைக் கழற்றிவிடாதே. பங்குனி ஆமை கரையேறுகிற காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டால் ஒன்று மிஞ்சாது. இருட்டுக் கலையும் முன்னே போகாதே. ஆமை வந்துபோன தடம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லு.

நான் 7:06
மாமா சொல்வதே சரி. நூறு தடவை வந்த நாயும் நூற்றோராவது தடவை வராமல் போகலாம். வலை தட்டுகிற இடத்திலும் கயிறு கையில் இருக்கட்டும்.

சின்னம்மா 7:08
என் வீட்டில் நாலு சூடை அவித்து வைத்திருக்கிறேன். உப்புப் போடவில்லை. வரும்போது வாங்கிக்கொண்டு போ.

மதினி 7:09
வருகிறேன் சின்னத்தை. தம்பி, கையில் மீன் தீர்ந்துவிட்டது. உள்ளங்கையில் ஈர மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். இப்போது எதைக் கொடுப்பது?

நான் 7:10
கழுத்தைச் சொறிந்துவிட்டு "போ" என்று சொல்லி மறுபடி ஓட விடுங்கள். அவளுக்கு அதுவும் கூலிதான்.