மிக்கி மான்டில் கையெழுத்துப் பந்து: அசல்தானா?

கேள்வி:
மாமனாரின் பெட்டியில் ஒரு பேஸ்பால் கிடைத்தது. தையல்கள் நெருங்கும் குறுகிய இடத்தில் நீல மையில் அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மான்டில் கையெழுத்து. தோல் லேசாகப் பழுப்பேறிவிட்டது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில் 1:
ஐயோ, துடைக்காதீங்க! கையெழுத்தும் சேர்ந்து போய்விடும். முதலில் பந்தின் அச்சைப் பாருங்கள். மான்டில் ஆடிய அமெரிக்கன் லீக் போட்டித் தொடரின் பந்து என்றால் லீக் தலைவரின் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். பாபி பிரவுன் என்றால் அவர் தலைவராக இருந்தது 1984 முதல் 1994 வரை, காலம் பொருந்துகிறது. பின்னாளில் பேஸ்பால் ஆணையரான பட் செலிக் பெயருள்ள லீக் ஆட்டப் பந்து 2000-இல்தான் வந்தது. மான்டில் 1995-லேயே இறந்துவிட்டார். இது தெரியாமல் நான் செலிக் பெயருள்ள பந்து ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அலமாரியில் இன்னும் இருக்கிறது, திருஷ்டிப் பொட்டு மாதிரி.

கேள்வி கேட்டவர்:
பாபி பிரவுன்தான்! அப்படியானால் அசல்தானே?

பதில் 1:
அவசரப்படாதீங்க. பந்து பழசு என்பதால் மையும் பழசாகிவிடாது. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பால்பாயிண்ட் பேனா தோலில் மெல்லிய பள்ளம் விடும். கோடு சரளமாக ஓடுகிறதா, நடுவே தயங்கித் தயங்கி நிற்கிறதா? பார்த்து வரைபவர் கைதான் தயங்கும். ஆனால் விற்பதாக இருந்தால் நிபுணரிடம் காட்டியே ஆகவேண்டும்.

பதில் 2:
வைப்பதற்கு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டி வாங்குங்கள். அதற்காக ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள், சாதாரண வெளிச்சத்திலும் மை வெளிறும். வார்னிஷ் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிய பந்துகள் இன்று தேன் நிறத்தில் கிடக்கின்றன. அப்புறம், எடுக்கும்போது தையலைப் பிடித்துத் தூக்குங்கள்.